மந்தை கடக்கும்வரை

லவீனா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளிச்சென்று ஆகிவிட்ட சட்டியைத்தான் மணலும் சாம்பலும் போட்டு மறுபடி மறுபடி தேய்த்தாள். தேய்த்ததை வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் தட்டினாள். கரண்டியை எடுத்துக் காப்பிப் பாத்திரத்துக்குள் போட்டு உருட்டினாள். பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் அமாசா மண்வெட்டியோடு குழி வெட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் வண்டிக்குள் படுத்திருப்பவன் காதில் விழக் கூடாது.

"லவீ," என்றான் உள்ளேயிருந்து அவள் அண்ணன் ஹோசியா. "போதும் விடு. சட்டி ஓட்டையாயிடப் போவுது. மாப்ள தோண்டுறது எனக்கு விடிஞ்சதுல இருந்தே கேக்குது."

அவள் கை நின்றது.

"ஆழமாத் தோண்டச் சொல்லு. அவன் வேலைய நம்ப முடியாது. ஊர்ல அவன் நட்ட வேலிக்கம்பம் ஒண்ணாவது நேரா நின்னுச்சா?"

லவீனா சட்டியைப் புல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வண்டிக்குள் ஏறினாள். கித்தான் கூண்டுக்குள் வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. மாவு மூட்டைகளை ஒதுக்கிப் போட்ட மெத்தையில் ஹோசியா அசையாமல் கிடந்தான். மார்புக்குக் கீழே அவன் உடம்பு அவனுடையதாக இல்லை. மேலே முகம் மட்டும் எப்போதும் போல இருந்தது. யாரையோ கிண்டல் செய்யத் தயாராக இருக்கிற முகம்.

முந்தாநாள் மதியம், ஓடும் வண்டியிலிருந்து இறங்கும்போது ஏர்க்காலில் அவன் கால் வழுக்கியது. ஆயிரம் தடவை அப்படி இறங்கியவன்தான். பின்சக்கரம் வயிற்றின் மேல் ஏறி இறங்கிவிட்டது. ரத்தம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை; எல்லாம் உள்ளேயே. அதைப் பார்த்துத்தான் வண்டித்தொடரில் வயதானவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

நாற்பது வண்டிகளும் அன்று அங்கேயே காத்திருந்தன. மறுநாள் காலை கேப்டன் ட்ரஸ்கட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"புல்லு இருக்கறப்பவே மலையத் தாண்டியாகணும்மா. அங்க பனி பிடிச்சுதுன்னா அத்தனை பேரும் அங்கயேதான். நீங்க இருந்து அவரைப் பாத்துக்குங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எங்களோட வந்து சேந்துக்கலாம்."

நாளைக்குச் சாயங்காலத்துக்குள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்ததென்று நின்றிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே போயின. கடைசி வண்டியின் வெள்ளைக் கித்தான் ஒரு பல் அளவுக்குச் சிறுத்து, அப்புறம் அதுவும் தெரியாமல் போனது. பிறகு புல்லும் வானமும்தான். இத்தனை பெரிய வானத்தின் கீழ் லவீனா அதற்கு முன் தனியாக நின்றதே இல்லை.

அந்த நாளைதான் இன்றைக்கு விடிந்திருந்தது.

அமாசா தண்ணீர் குடிக்க வந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். முழங்கால்வரை மண்.

"என்ன மாப்ள, அளவெடுக்க வந்தியா?" என்றான் ஹோசியா.

"மச்சான், அப்படியெல்லாம்..." அமாசா குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

"சும்மா சொன்னேன்டா. நீ காத்துக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியாதா? நானும் என்னால ஆனதப் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அவசரப்படுத்தாத."

அமாசா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குடிக்காமலே அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போனான். மண்வெட்டிச் சத்தம் மறுபடி கேட்டது. முன்பைவிட மெதுவாக.

லவீனா அண்ணன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். இரண்டு நாளாகச் சொல்ல நினைத்ததை இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பயணத்தில் ஹோசியாவுக்கு எந்த வேலையும் கிடையாது. ஓரிகானில் நிலம் வேண்டும் என்று கிளம்பியவர்கள் அமாசாவும் அவளும்தான். இண்டியானாவில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஊர் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுட்டு வரேன்" என்று ஹோசியா வண்டியில் ஏறினான். மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஊர் வந்தது. அதற்கு அடுத்த ஊர் வரை என்றான். அப்படியே ஊர் ஊராக, செயின்ட் ஜோசப் வந்து சேர்ந்தார்கள். மிசௌரி ஆற்றைத் தாண்டினால் அதற்கு மேல் ஊரே கிடையாது.

"அண்ணா. செயின்ட் ஜோசப்ல உன்னத் திருப்பி அனுப்பியிருக்கணும் நான்."

அவன் கண்ணைத் திறந்தான்.

"நீ கேட்டியே. 'லவீ, நான் கிளம்பட்டுமா'ன்னு. நான் பதிலே சொல்லல."

"ஞாபகம் இருக்கு. நீ மாவு மூட்டைய எண்ணுற மாதிரி நடிச்ச. இருந்தது மூணு மூட்டை. அதப் போயி பத்து நிமிஷம் எண்ணுன."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏய், இங்க பாரு. உனக்காகத்தான் நான் வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியா?" மூச்சு வாங்க நிறுத்தினான். "நாப்பத்தொரு வருஷம் பன்னி மேச்சேன். காலையில கதவத் தொறந்தா எதிர்ல எல்வுட் வீட்டுத் தொழுவம். சாயங்காலம் மூடுறப்பவும் அதே தொழுவம். இங்க... இந்தக் கித்தானத் தூக்கினா..." வலி அவனை நிறுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வலி போனதும் விட்ட இடத்திலிருந்து அவன் தொடரவில்லை. வேறு ஏதோ கேட்டான்.

"லவீ, வண்டி நகருதா?"

"இல்லையே."

"முதுகுல என்னமோ தெரியுது."

அவள் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மரம் அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றிருக்கும் வண்டியின் பலகை, காய்ச்சல்காரன் உடம்பு போல நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே மேய்ந்துகொண்டிருந்த நான்கு எருதுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கித் தெற்கே பார்த்தன.

அமாசா பாறையைச் சுற்றி ஓடி வந்தான். மண்வெட்டி கையிலேயே இருந்தது.

"மாட்டக் கட்டு! மாட்டக் கட்டு லவீனா! கண்ணக் கட்டணும், போர்வை எடு, கிடைச்சதெல்லாம் எடு!"

தெற்கே அடிவானம் கறுத்திருந்தது. மேகத்தின் நிழல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மேகம் எதுவும் இல்லை. நிழல் மட்டும் புல்லை விழுங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே கறுப்பு.

காட்டெருமைகள். வழியில் ஐந்து, பத்து என்று பார்த்திருக்கிறார்கள். தொலைவில் ஒருமுறை ஐம்பது. அவற்றின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கித்தான் மரமில்லாத இந்தச் சமவெளியில் தினமும் அடுப்பெரித்தார்கள். ஆனால் இது வேறு. நிலமே எழுந்து நடந்து வருவது போல இருந்தது.

அமாசாவும் அவளும் எருதுகளை வண்டியோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டினார்கள். போர்வையையும் அவளுடைய இரண்டு பாவாடைகளையும் கிழித்து எருதுகளின் கண்களை மூடினார்கள். வண்டி பாறை மேட்டை ஒட்டி, நிழலுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்தப் பாறை ஒன்றுதான் அவர்களுக்கும் மந்தைக்கும் நடுவே.

"பாறையில முட்டிப் பிரியும்," என்றான் அமாசா. "பிரியணும்." அவன் எருதுகளின் தலைக்குப் போய், நான்கின் சங்கிலியையும் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

லவீனா வண்டிக்குள் ஏறியபோது ஹோசியா, "என்னத் தூக்கு," என்றான்.

"அசைச்சா வலிக்கும்ணா."

"வலிக்கட்டும். தூக்கு. பாக்கணும்."

அவள் பக்கவாட்டுக் கித்தானைச் சுருட்டிக் கட்டினாள். அவன் பின்னால் உட்கார்ந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அவன் ஒரே ஒருமுறை கத்தினான். பிறகு இருவரும் வெளியே பார்த்தார்கள்.

முதல் காளைகள் பாறையை எட்டின. எட்டிய இடத்தில் மந்தை இரண்டாகப் பிளந்தது. ஆற்றின் நடுவே நிற்கும் கல்லைத் தண்ணீர் சுற்றிக்கொள்வது போல இரண்டு பக்கமும் வழிந்து, அவர்களைக் கடந்து, ஐம்பது அடி தாண்டி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. வண்டி ஒரு தீவாகிவிட்டது.

அவை ஓடவில்லை. யாருக்கும் பயந்து வரவில்லை. தமக்குத் தெரிந்த இடத்துக்குத் தமக்குத் தெரிந்த வழியில் போகிறவர்களைப் போலப் போயின. உதிரும் குளிர்கால ரோமம் தோளில் கந்தல் கந்தலாகத் தொங்கியது. மண்ணைத் தொடும் தாடி. மலைமுகடு போன்ற திமில்களின் மேல் கறுப்புக் குருவிகள் உட்கார்ந்து சவாரி செய்தன. பசுக்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு செம்மண் நிறக் கன்றுகள் துள்ளின. சில மிருகங்கள் கைநீட்டினால் தொடலாம் என்ற அளவுக்குப் பக்கமாகப் போயின. பெரிய ஈரமான கண் ஒன்று லவீனாவைப் பார்த்தது. அதில் கோபமோ பயமோ எதுவுமில்லை. புல்லைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு அது போனது.

உறுமல்களும் குளம்படியும் கலந்து ஒரே ஒலியாகியிருந்தன. அது காதுக்கு வெளியே இருக்கிறதா, தன் எலும்புக்குள்ளேயே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. புழுதியும் சாணமும் ரோமமும் கலந்த வாடை தொண்டையை அடைத்தது.

ஹோசியா தலையைத் திருப்பினான். அவன் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"லவீ! இத்தனையும் யாருதுடி?"

எது யாருடையது என்று தெரியப் பன்றிகளின் காதைக் கத்தரித்து அடையாளம் வைக்கிற ஊரில் வாழ்ந்தவன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவன் கண் விரிந்திருந்தது. வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் காலையில்கூட அவன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அவள் பார்த்ததில்லை. அவன் திரும்பி மறுபடி வெளியே பார்த்தான். அவளும் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று நினைக்க நினைக்கத் தெற்கே அடிவானம் கறுப்பாகவே இருந்தது. அவள் தன்னை மறந்திருந்தாள். ஓரிகானை மறந்திருந்தாள். முன்னால் போய்விட்ட நாற்பது வண்டிகளையும் மறந்திருந்தாள். மார்பில் சாய்ந்திருப்பவனைக்கூட.

மார்பில் பாரம் கூடியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். ஹோசியாவின் கண் திறந்திருந்தது. அது இன்னும் மந்தையின் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவள் அவன் மூக்கருகே விரலை வைத்தாள். கன்னத்தில் கன்னத்தை வைத்தாள். எந்த மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனான்? அந்தக் கொம்பொடிந்த கிழட்டுக் காளை போனபோது இருந்தானா? தாய்க்கும் தனக்கும் நடுவே வேறொரு மாடு வந்துவிட்டதென்று கத்திக்கொண்டு ஓடிய கன்றைப் பார்த்தானா? அவளுக்குத் தெரியவில்லை. அவனோடேயே இருந்தாள், அவனைப் பார்க்காமல் இருந்தாள்.

"அமாசா!" என்று கத்தினாள்.

பத்தடி தூரத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை கத்தினாள். பிறகு கத்துவதை விட்டுவிட்டாள். அண்ணனைக் கீழே கிடத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவன் தலையைத் தன் தாடையின் கீழ் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மந்தை போய்க்கொண்டே இருந்தது. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்தது. போய்க்கொண்டே இருந்தது.

கடைசி மாடுகள் நொண்டிகளும் கிழங்களுமாக வந்தன. அதற்குப் பின்னால், எட்டி நடக்கும் நான்கைந்து சாம்பல் நிற ஓநாய்கள். அப்புறம் புழுதி மட்டும். அமாசா கையிலிருந்து சங்கிலியைப் பிரித்தான். சுற்றிய இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவன் வண்டியருகே வந்து அவளைப் பார்த்தான். அவள் மார்பில் சாய்ந்திருந்த ஹோசியாவைப் பார்த்தான்.

"எப்போ?" என்று அவன் வாயசைந்தது.

அவள் தலையை ஆட்டினாள். தெரியாது.

அவன் வண்டியின் பக்கப்பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றான். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, "குழி என்னாச்சுன்னு பாத்துட்டு வரேன்," என்று போனான்.

போனவன் உடனே கூப்பிட்டான். "லவீனா, இங்க வா. வந்து பாரேன்."

இடுப்பளவு ஆழத்துக்கு அவன் வெட்டியிருந்த குழிக்குள் ஒரு கன்று நின்றுகொண்டிருந்தது. செம்மண் நிறம், பிறந்து ஒரு மாதம் இருக்கலாம். அத்தனை ஆயிரம் குளம்புகளும் அதன் தலைக்கு மேலே தாண்டிப் போயிருக்கின்றன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர்களைப் பார்த்து அது பன்றிக்குட்டி போல உறுமியது. நூறடி தள்ளி, வெறிச்சோடிக் கிடந்த மண்ணில், ஒரே ஒரு பசு மட்டும் போகாமல் நின்றிருந்தது. மந்தையின் புழுதி வடக்கே நகர நகர, அது அந்தப் பக்கம் ஒருமுறையும் குழியின் பக்கம் ஒருமுறையும் பார்த்தது.

ஆறு வாரமாக அவர்கள் தின்றது சிக்கு வாடை அடிக்கும் உப்புப் பன்றிக்கறியும் சோள ரொட்டியும். அமாசா போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தான். எடுத்து வந்து கன்றைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணன் படுக்கப்போற எடம்," என்றாள் லவீனா. "அதுல ரத்தம் வேணாம்."

அவன் துப்பாக்கியைப் புல்லில் வைத்தான். மண்வெட்டியை எடுத்து, குழியின் ஒரு முனையைச் சரிவாக வெட்ட ஆரம்பித்தான். பசு ஒருமுறை தலையைத் தாழ்த்திப் பத்தடி முன்னால் வந்தது. அவன் கையைத் தூக்கி அசையாமல் நின்றான். அது நின்றதும் மறுபடி வெட்டினான். காலையில் குழி தோண்டியதைவிட வேகமாகத் தோண்டினான். லவீனா அவனுக்கு எதிரே மண்டியிட்டுத் தளர்ந்த மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தாள். முடித்துவிட்டு இருவரும் பாறைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

கன்று இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாம் தடவை மேலே வந்தது. மேலே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாதது போல நின்றது. பசு ஒரு சத்தம் கொடுத்தது. கன்று ஓடியது. ஓடிய வேகத்தில் நேராக மடியில் போய் முட்டியது. பசு அதைக் குடிக்க விடவில்லை. மூக்கால் தள்ளிக்கொண்டே வடக்கே நடந்தது.

"போகுது பாரு," என்றான் அமாசா. அவன் குரல் உடைந்திருந்தது. "மச்சான் பாத்திருந்தா எதாச்சும் சொல்லியிருப்பாரு."

ஹோசியாவை மெத்தை விரிப்பிலேயே சுற்றி இறக்கினார்கள். லவீனா ஜெபம் சொன்னாள். காதில் இன்னும் மந்தையின் இரைச்சல் நிறைந்திருந்ததால் தான் சொல்வது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எங்காவது ஒரு வரியை விட்டிருக்கலாம். மண்ணைத் தள்ளினார்கள். நிரவியபின் பார்த்தால், சுற்றிலும் குளம்பு உழுத நிலத்தில் அந்த ஆறடி மட்டும் வழவழப்பாகத் தெரிந்தது. ஓநாய்கள் தூரத்தில் உட்கார்ந்திருந்தன. அமாசா எருதுகளின் கட்டை அவிழ்த்து, நுகத்தில் பூட்டி, ஓநாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடாதபடி வண்டியை அந்த இடத்தின் மேல் ஓட்டினான். திருப்பி மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவை லவீனா தானே போய் எருதுகளின் பக்கத்தில் நடந்தாள். அதன்பிறகு எது குழி, எது நிலம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

புறப்படுமுன் கை கழுவ, கூப்பிடு தூரத்தில் ஓடிய ஓடைக்கு லவீனா போனாள். முழங்கைவரை மண் அப்பியிருந்தது.

ஓடைக்கு அக்கரையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தச் சமவெளியின் பூர்வகுடிகள், லக்கோட்டா மக்கள். ஒருவர் இருவர் அல்ல, ஒரு முழு ஊரே. மந்தை போன தடத்தில், அதன் பின்னாலேயே, கம்புகளில் மூட்டை கட்டி இழுக்கும் குதிரைகளும் நாய்களும் கிழவர்களும் தூளியில் குழந்தைகளுமாக நீளமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத நாடு என்றுதான் இண்டியானாவில் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அமாசா வண்டியருகே துப்பாக்கியோடு எழுந்து நின்றான். அக்கரையில் யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. ஒருவன் திரும்பிப் பார்த்தான்; பார்த்துவிட்டு நடந்தான்.

வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் விலகி, தன் குதிரைக்குத் தண்ணீர் காட்ட, நீரோட்டத்தில் லவீனாவுக்குச் சற்று மேலே ஓடைக்கு இறங்கினாள். லவீனாவின் வயதுதான் இருக்கும். இருவருக்கும் நடுவே இருபதடி அகலத் தண்ணீர். மந்தை கலக்கிய கலங்கல் அப்போதுதான் தெளியத் தொடங்கியிருந்தது. லவீனா மண்டியிட்டபடியே அசையாமல் இருந்தாள்.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை அப்பியிருந்த மண்ணை வெகுநேரம் பார்த்தாள். தண்ணீரில் கால் வைக்கப் போன குதிரையின் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். அதன் கழுத்தில் தட்டி, கரையோடு கீழ்நோக்கி நடத்திக்கொண்டு போய், லவீனாவைத் தாண்டி, குதிரை கலக்கும் நீர் அவளிடம் போகாத பக்கமாக நிறுத்தித் தண்ணீர் காட்டினாள்.

லவீனா கைகளை நீரில் விட்டாள். மண் கரைந்து, மெல்லிய செந்நூலாக நீண்டு, குதிரை குடித்துக்கொண்டிருந்த பக்கம் போயிற்று.